டூலாவை அமர்த்துவதற்கு முன்: ஒரு மருத்துவச்சி பேத்தி சொல்வது

நான் டூலா; பிரசவ நேரத்தில் பெண்ணுக்குக் கூட இருந்து துணை செய்கிறவள். திருநெல்வேலிப் பேட்டையில் ஒரு வீட்டுக்கு முதல் தடவையாகப் போயிருந்தேன். கர்ப்பிணியின் மாமியார் என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "கத்தரிக்கோல், கையுறை எல்லாம் இதில்தானே இருக்கிறது?" என்று கேட்டார். பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். ரப்பர் வெந்நீர்ப் பை. சின்ன பாட்டிலில் தேங்காய் எண்ணெய். நீளமான பருத்தித் துண்டு இரண்டு. படுத்தபடியே தண்ணீர் குடிக்க வளைகிற உறிஞ்சுகுழல். காய்ந்த உதட்டுக்கு வாசலின். ஒரு டப்பாவில் உடைத்த கருப்பட்டி. எனக்கு ஒரு மாற்றுச் சேலை. கடைசியாக ஒரு பனையோலை விசிறி. விசிறியைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போனது. "இதற்கா பன்னிரண்டாயிரம்?" என்றார்.

அந்த அத்தையைக் குறை சொல்ல மாட்டேன். என் ஆச்சி சேரன்மகாதேவிப் பக்கம் நாற்பது வருடம் பேறுகாலம் பார்த்தவள். ராத்திரி வண்டி கட்டிக்கொண்டு வந்து அவளைக் கூட்டிப்போவார்கள். நானும் பேறுகால வீடுகளுக்குத்தான் போகிறேன் என்பதால், ஆச்சி செய்ததையே பேத்தியும் செய்கிறாள், பெயரை மட்டும் இங்கிலீஷில் மாற்றிக்கொண்டாள் என்று சொந்தக்காரர்களே நினைக்கிறார்கள். டூலா இங்கிலீஷும் இல்லை. பணிப்பெண் என்று பொருள்படும் கிரேக்கச் சொல். பிள்ளை பெற்றவளுக்குப் பால் கொடுக்கும் நாட்களில் கூட இருந்து உதவுகிறவளைக் குறிக்க, டானா ரஃபேல் என்ற அமெரிக்க மானுடவியலாளர் அதை எடுத்துக்கொண்டார். பிறகுதான் அது பிரசவ அறைக்குள் வந்தது.

ஆகவே, முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். டூலா பிரசவம் பார்க்க மாட்டாள். கைவிட்டுப் பார்த்து கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்று சொல்ல மாட்டாள். ரத்த அழுத்தம் பார்ப்பது, குழந்தையின் துடிப்பைக் கேட்பது, ஊசி போடுவது, நஞ்சுக்கொடி எடுப்பது எதுவும் அவள் வேலை இல்லை. டாக்டருக்கும் செவிலியருக்கும் கவுன்சில் உண்டு, பதிவு எண் உண்டு. எங்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. நான்கு நாள் பயிற்சிக்குப் போய்வந்த சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தால், அது பயிற்சிக்குப் போனதற்குச் சாட்சி. உரிமம் ஆகாது. என்னுடையதும் அப்படித்தான்.

அப்படியானால் ஒருத்தியை எப்படிச் சோதித்து அமர்த்துவது? நான் சொல்லும் வழி சுலபமானது. என்னென்ன செய்வீர்கள் என்று கேட்காதீர்கள். எல்லோரும் அழகாகச் சொல்வார்கள். எதையெல்லாம் செய்ய மாட்டீர்கள் என்று கேளுங்கள். "நாள் தள்ளிப்போனால் வலி வர என்ன கொடுப்பீர்கள்?" என்று ஒரு கேள்வி போடுங்கள். விளக்கெண்ணெய், கஷாயம், மாத்திரை என்று எதையாவது அவள் சொன்னால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். "வீட்டிலேயே பார்த்துவிடலாமா?" என்று விளையாட்டுக்குக் கேட்டுப் பாருங்கள். ஒரு கணம் தயங்கினாலும் வேண்டாம். 2018இல் திருப்பூரில் வீட்டுப் பிரசவத்துக்குப் பின் ஒரு பெண் ரத்தப்போக்கில் இறந்துபோனது நினைவிருக்கும். அந்தச் செய்தி வந்த வாரம் என்னை மூன்று பேர் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் திட்ட. ஒருவர், "நீங்கள் இருந்தால் தைரியமாக வீட்டில் வைத்துக்கொள்ளலாம்தானே?" என்று கேட்க. திட்டியவர்களிடம்கூட நான் கோபப்படவில்லை. ஆச்சி பார்த்த பேறுகாலங்களில் தப்பியவர்களின் கதையைத்தான் ஊர் சொல்லும். தப்பாதவர்களின் கதையை ஆச்சி எனக்குச் சொல்லியிருக்கிறாள், கடைசிக் காலத்தில், விளக்கை அணைத்த பிறகு.

இன்னொரு வகைக் குடும்பம் உண்டு. அவர்களுக்கு நான் வழக்கறிஞர். "டாக்டர் சிசேரியன் என்று சொன்னால் நீங்கள் சண்டை போட வேண்டும்" என்று முன்பணம் நீட்டுவார்கள். அவர்கள் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் ஏறக்குறைய 45 அறுவைச் சிகிச்சை. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 64. ஆனால் பிரசவ அறையில் நின்று டாக்டரோடு மல்லுக்கட்டுகிற டூலா, வலியில் கிடக்கிற பெண்ணுக்கு இன்னொரு வலி. நான் பெண்ணுக்கும் புருஷனுக்கும் முன்கூட்டியே நான்கு கேள்விகளைச் சொல்லிக்கொடுத்து, மொபைலில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். இது எதற்காக? இதில் என்ன சிக்கல் வரலாம்? வேறு வழி இருக்கிறதா? ஒரு மணி நேரம் பொறுத்தால் என்ன ஆகும்? பணிவாகக் கேட்டால் பதில் சொல்லாத டாக்டரை நான் அதிகம் பார்த்ததில்லை. குழந்தையின் துடிப்பு இறங்குகிறது என்று அவர் சொல்லும்போது நான்காவது கேள்விக்கு இடமே இருக்காது. அப்போது கையெழுத்துப் போடச் சொல்லி நானே பேனாவை எடுத்துக் கொடுப்பேன்.

டூலா வந்தால் சுகப்பிரசவம் நிச்சயம் என்பதும் இதே மரத்தின் இன்னொரு கிளைதான். யாராவது அப்படி உறுதி கொடுத்தால் அது வியாபாரம். ஆய்வுகள் சொல்வது அடக்கமான விஷயம். 2017இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு (பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து எடைபோடுவது), 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்தது. பிரசவம் முழுக்க ஒரு துணை விலகாமல் கூட இருந்த பெண்களுக்கு அறுவைச் சிகிச்சை ஏறக்குறையக் கால்பங்கு குறைந்தது. வலி நேரம் சராசரியாக 40 நிமிடம் குறைந்தது. இதைச் சொன்னால் என் மகளே, "நாற்பது நிமிடம்தானா?" என்கிறாள். அவளுக்குப் பிள்ளை பிறக்கட்டும், பிறகு பேசிக்கொள்கிறேன்.

அந்தத் தொகுப்பில் 'விலகாமல்' என்பதுதான் முக்கியம். பிரசவ அறை சிஸ்டர்கள் ஒரே நேரத்தில் மூன்று நான்கு பெண்களைப் பார்க்கிறார்கள். வருவார்கள், பார்ப்பார்கள், எழுதுவார்கள், அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். அது அவர்கள் தப்பில்லை. அவர்கள் வந்துபோவதற்கு இடையே உள்ள நேரத்துக்குத்தான் நான். குவாதமாலாவில் கென்னல், கிளாஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் குழு செய்து 1980இல் வெளியிட்ட ஆய்வில், துணையாக வைத்தது மருத்துவப் பயிற்சி ஏதும் இல்லாத உள்ளூர்ப் பெண்களைத்தான். கூட இருந்து, கையைப் பிடித்து, பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்கே வலி நேரம் வெகுவாகக் குறைந்தது.

அதனால்தான் நான் வீட்டுக்காரர்களை வெளியே தள்ளுவதில்லை. "நீங்கள் வந்துவிட்டால் அவளுடைய அம்மாவுக்கு என்ன வேலை?" என்று கேட்பார்கள். அம்மாவுக்கும் புருஷனுக்கும் வேலை கற்றுக்கொடுப்பதில்தான் என் கூலியில் பாதி போகிறது. எட்டாம் மாதத்தில் இரண்டு தடவை வீட்டுக்குப் போய் இதைச் செய்துகாட்டுகிறேன். எழுத்தில் படித்தும் செய்யலாம்.

பெண் சுவரில் இரண்டு கையையும் ஊன்றி லேசாகக் குனிந்து நிற்கட்டும். முதுகுத்தண்டு முடிகிற இடத்தில், குறுக்குக்குக் கீழே, ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையான எலும்பு இருக்கிறது. வலி ஏறத் தொடங்கியதும் உள்ளங்கையின் அடிமேட்டை அதன்மேல் வைத்து அழுத்துங்கள். தேய்க்காதீர்கள், பிசையாதீர்கள்; மாவு இல்லை அது. மழையில் ஊறி இறுகிப்போன கதவைச் சாய்ந்து தள்ளுவோமே, அந்த மாதிரி. முழங்கை மடங்காமல், தோளிலிருந்து உடம்பின் எடை இறங்க வேண்டும். போதுமா, இன்னும் வேண்டுமா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். பெரும்பாலும், "இன்னும்" என்பாள். வலி இறங்கும்போது கையையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். வெடுக்கென்று எடுத்தால் கத்துவாள். இன்னொரு வழி: பின்னால் நின்று இரண்டு இடுப்பெலும்பையும் இரண்டு உள்ளங்கையால் பிடித்து உள்ளே, சற்று மேல்நோக்கி நெருக்குவது. இதற்குத் தெம்பு வேண்டும். டவுனில் லாரியில் மூட்டை ஏற்றுகிற ஒரு பையன் தன் மனைவிக்கு ஏழு மணி நேரம் இதைச் செய்தான். மறுநாள் அவனால் டம்ளரைத் தூக்க முடியவில்லை.

வலிக்கும் வலிக்கும் இடையில் செய்ய வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள், ஆனால் மறந்துபோவார்கள். இரண்டு மடக்குத் தண்ணீர். சாப்பிடக் கொடுக்கலாமா என்று மட்டும் சிஸ்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது சிறுநீர் கழிக்கக் கூட்டிப்போங்கள். நிறைந்த சிறுநீர்ப்பை குழந்தையின் தலை இறங்குகிற வழியில் உட்கார்ந்துகொள்ளும். மல்லாந்து படுத்தே கிடக்க வேண்டாம். நடக்கலாம், நிற்கலாம், ஒருக்களித்துப் படுக்கலாம். சிக்கல் இல்லாத பிரசவத்தில் பெண் விருப்பப்படி அசையவும் நிமிர்ந்திருக்கவும் விட வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரையும் சொல்கிறது. விசிறியை எதற்கு வைத்திருக்கிறேன் என்று அறை மின்விசிறியின் வேகத்தைப் பார்த்தால் புரிந்துவிடும். அதோடு, விசிறுகிற கைக்கு ஒரு தாளம் உண்டு. வலி உச்சியில் இருக்கும்போது "மூச்சு விடு, மூச்சு விடு" என்று நான்கு பேர் கத்துவதைவிட, விசிறியின் போக்கைப் பார்த்து மூச்சுவிடுவது பல பெண்களுக்குச் சுலபமாக இருக்கிறது. பேச்சைக் குறையுங்கள். பக்கத்து வீட்டுக்காரிக்கு மூன்று நாள் வலி எடுத்த கதையை அப்போதா சொல்வது?

எப்போது கிளம்புவது என்பதில் டூலாவை நம்பி இருந்துவிடாதீர்கள். தலைப்பிரசவத்தில், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடித்து, ஒரு மணி நேரமாக அப்படியே வந்துகொண்டிருந்தால் கிளம்பலாம் என்பது பொதுவான கணக்கு. அது பாளையங்கோட்டையில் மருத்துவமனைக்குப் பின்தெருவில் இருப்பவர்களுக்கு. உவரி, கூடங்குளம் பக்கம் இருப்பவர்களும் மலையடிவாரத்தில் இருப்பவர்களும், முன்பு அறுவை நடந்தவர்களும், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்களும் இந்தக் கணக்கைப் பார்க்கவே கூடாது. அவரவர் டாக்டர் சொன்ன நேரம்தான் கணக்கு. பனிக்குடம் உடைந்து நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ வந்தாலோ, ரத்தம் போனாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, தலை பிளக்கிற வலியோடு கண் மங்கினாலோ, எனக்குப் போன் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள். நான் நேராக மருத்துவமனைக்கு வந்துகொள்கிறேன்.

இனி அனுமதி விஷயம். இதில் நான் சூடுபட்டவள். ஒரு தனியார் மருத்துவமனையில் டாக்டரம்மா, "தாராளமாக வாருங்கள்" என்றார். நம்பிப் போனேன். வலி வந்தது ராத்திரி இரண்டு மணிக்கு. அப்போது பணியில் இருந்தவர்களுக்கு அது தெரியாது. "சொந்தக்காரர் ஒருவர்தான்" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். ஒன்பது மணி நேரம் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளே அவள் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து என் முதல் நிபந்தனை இது: ஏழாம் மாதப் பரிசோதனையின்போதே கேளுங்கள், டாக்டர் கையாலேயே ஒரு வரி ஃபைலில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் எனக்குப் பணம் கொடுக்காதீர்கள். வீட்டில் ஒருவருக்கு நான் சொல்லிக்கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன்.

அரசு மருத்துவமனை என்றால் கதை வேறு. கூலிக்கு வரும் டூலாவை உள்ளே விடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் சொந்தத்தில் ஒரு பெண் உடன் இருக்க வழி உண்டு. மத்திய சுகாதார அமைச்சகம் 2016இலேயே அதற்கு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. ஏற்கெனவே பிள்ளை பெற்றவளாக இருந்தால் நல்லது. தொற்று நோய் இருக்கக் கூடாது. சுத்தமான உடுப்பு. பிரசவம் முடியும் வரை இருக்க வேண்டும். சிகிச்சையில் தலையிடக் கூடாது, பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு வைத்தியம் சொல்லக் கூடாது. இந்தக் கடைசி விதியை எழுதியவர் நம் ஊர்ப் பெரியம்மாக்களை நேரில் பார்த்திருக்க வேண்டும். ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குப் போகிற ஏழைப் பெண்ணுக்கு டூலா எதற்கு, அது பணக்காரர்களின் பகட்டு என்று சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான். அவளுக்கு நான் தேவையில்லை. அவளுடைய மதினிக்கோ சித்திக்கோ ஒரு சாயங்காலம் அந்த எலும்பு எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தால் போதும். அதற்கு நான் காசு வாங்குவதில்லை. யாரைத் தேர்ந்தெடுப்பது? பாசம் அதிகம் உள்ளவளை அல்ல. ரத்தத்தைப் பார்த்து மயங்காதவளை, வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிந்தவளை.

வலி தெரியாமல் இருக்க முதுகில் ஊசி போட்டுக்கொண்டாலோ சிசேரியன் ஆனாலோ டூலாவுக்குக் கொடுத்த பணம் வீண் என்பார்கள். சிசேரியன் ஆனவளுக்குத்தான் என் வேலை கூடுகிறது. தையலின் மேல் எடை படாமல் குழந்தையைப் பக்கவாட்டில், கக்கத்தில் இடுக்கிய மாதிரி வைத்துப் பால் கொடுக்க யாராவது பக்கத்தில் நின்று பிடித்துக்கொடுக்க வேண்டும். இருமல் வந்தால் வயிற்றின் மேல் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். "உனக்கு வலிக்கவே இல்லையே, அறுத்துத்தானே எடுத்தார்கள்" என்று பார்க்க வருகிற கிழவிகளை வாசலிலேயே நிறுத்த வேண்டும். சேனை வைக்கிற, அதாவது பிறந்த குழந்தையின் உதட்டில் இனிப்பு தடவுகிற பெரியவர்களும் வருவார்கள், சர்க்கரைத் தண்ணீரும் கையுமாக. அவர்களோடு நான் வாதாடுவதில்லை. குழந்தையின் உதட்டில் வேண்டாம், நெற்றியில் தொட்டு ஆசீர்வாதம் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்வேன். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிரத் தண்ணீர்கூடத் தேவையில்லை. பத்துக்கு ஏழு பேர் சம்மதித்துவிடுவார்கள். மீதி மூன்று பேர் நான் கழிப்பறைக்குப் போகிற நேரம் பார்த்துத் தடவிவிடுவார்கள்.

பேட்டை அத்தைக்கு வருகிறேன். அந்தப் பெண்ணுக்குத் தேதி 2023 டிசம்பர் கடைசி வாரம். 17ஆம் தேதி மழை பிடித்தது. நான் இருப்பது சிந்துபூந்துறை. தாமிரபரணி எங்கள் தெருவுக்கே வந்துவிட்டது. தண்ணீர் ஏறுவதற்கு முன்பே அவர்கள் பயந்துபோய்ப் பெண்ணைப் பாளையங்கோட்டையில் மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். அன்று ராத்திரியே வலி. எங்கள் வீட்டில் மின்சாரம் இல்லை, இடுப்பளவுத் தண்ணீர். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். திருச்சியில் காவிரி வெள்ளத்தில் ஒரு தாய் அக்கரையில் மாட்டிக்கொண்டபோது, சிவனே அந்தத் தாயின் உருவத்தில் வந்து பேறுகாலம் பார்த்ததாகத் தாயுமானவர் கதை சொல்கிறது. எனக்குப் பதிலாகப் போக யார் வருவார்? போன் ஒருமுறை கிடைத்தது. அத்தைதான் எடுத்தார். "எலும்பு தெரியுமா, அத்தை?" என்றேன். "தெரியும் தெரியும், வை" என்றார். அதோடு லைன் போய்விட்டது.

வெள்ளம் வடிந்து வீட்டைக் கழுவி முடித்து, ஒன்பதாம் நாள்தான் போக முடிந்தது. பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ, சுகப்பிரசவம். அத்தை இரண்டு மணிக்கட்டிலும் தைலம் தடவித் துணி சுற்றியிருந்தார். பதினோரு மணி நேரம் அழுத்தியிருக்கிறார். என் விசிறியையும் அவர்தான் வெள்ளத்துக்கு முந்தின வாரம் பயிற்சிக்கென்று வாங்கி வைத்துக்கொண்டவர். அதன் ஓலை ஒரு பக்கம் கிழிந்திருந்தது. கருப்பட்டிக் காபி கொடுத்து, நான் குடித்து முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, "அழுத்தினது நான், விசிறினது நான். உனக்கு எதற்கம்மா முழுக் காசு?" என்று கேட்டார். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. சொல்லிக்கொடுத்ததற்கு ஆறாயிரம் வைத்துக்கொண்டு மீதி ஆறாயிரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு, விசிறிக்கென்று ஐம்பது ரூபாயை எடுத்து என் கையில் வைத்தார்.